பள்ளிக் கோர்ட்டிலிருந்து புரோ லீக் வரை: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

டர்பனில் சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெர்பேங்க், வெருலம் என்று பல பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பயிற்சி முடிந்ததும் அப்பா, அம்மா, சில நேரம் அவ்வா (பாட்டி) கூட வேலியோரம் நின்று கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. கோயிலில் பார்த்தாலும் அதே கேள்வி, கல்யாண வீட்டில் பார்த்தாலும் அதே கேள்வி. நின்ற இடத்தில் பாதி பதில் சொல்லி அனுப்புவது பிள்ளைகளுக்கு நல்லதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அங்கிள், டிராஃப்ட் டிராஃப்ட்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

என்பிஏ அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். மொத்தம் 30 அணிகள். அதில் டொரொன்டோ மட்டும் கனடாவில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் கடைசியில் இந்த அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். அதுதான் டிராஃப்ட். இரண்டு சுற்று, அதிகபட்சம் 60 பேர். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகள் குலுக்கலில் முதலிடங்களைப் பெற வாய்ப்பு அதிகம்.

முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. அடுத்த இரண்டு ஆண்டுகளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அணியின் முடிவு. இரண்டாம் சுற்றில் இப்படித் தானாக வரும் உறுதி கிடையாது. பேசி வாங்க வேண்டியதுதான்.

ஸ்கூல் முடிச்ச உடனே நேரா என்பிஏ போகலாமா? கோபி பிரயண்ட் அப்படித்தானே போனார்?

ஆமாம், அவர் அப்படித்தான் போனார். 1995இல் கெவின் கார்னெட், 1996இல் கோபி, 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் எல்லாரும் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரே டிராஃப்ட்டுக்குப் போனவர்கள்தான். ஆனால் அந்தக் கதவை 2006 டிராஃப்ட்டிலிருந்து மூடிவிட்டார்கள். இப்போது டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்கப் பிள்ளை என்றால் அவனுடைய வகுப்பு பள்ளியை முடித்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும்.

இந்த விதியில் தென்னாப்பிரிக்கப் பிள்ளைக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. இங்கேயே படித்து, அமெரிக்கக் கல்லூரியில் சேராமல், வெளிநாட்டு லீக்குகளில் ஆடுபவர் 22 வயதை எட்டும் ஆண்டில் பெயர் கொடுக்காமலே டிராஃப்ட் பட்டியலில் வந்துவிடுவார். அதற்கு முன்பே வேண்டுமென்றால் 19 வயதிலிருந்து பெயர் கொடுக்கலாம். அமெரிக்காவில் பள்ளியை முடித்தாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ இந்த வெளிநாட்டுக் கணக்கு பொருந்தாது.

என் மகனுக்குப் பதினஞ்சு வயசு. ஸ்கூல் டீம்ல அவன்தான் பெஸ்ட். மறைக்காம சொல்லுங்க, சான்ஸ் எவ்வளவு?

மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பையன்கள் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் அணிகளுக்குள் போகிறார்கள். அங்கிருந்து என்பிஏக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஓர் அணிக்கு வழக்கமான ஒப்பந்தம் 15 பேருக்கு. 30 அணிக்கும் சேர்த்தால் 450 இடம். அந்த இடங்களுக்கு செர்பியா, பிரான்ஸ், நைஜீரியா, ஆஸ்திரேலியா என்று உலகமே போட்டி போடுகிறது.

ஆனால் இந்தப் பாதையில் நடக்கிற பிள்ளைக்கு என்பிஏ ஒன்றுதான் பலன் என்று நினைக்காதீர்கள். உதவித்தொகையோடு ஒரு பட்டம், ஐரோப்பாவிலோ ஆப்பிரிக்காவிலோ சம்பளத்துக்கு ஆடும் சில ஆண்டுகள், கோச் வேலை, விளையாட்டு மருத்துவம் என்று நடுவழியில் நல்ல ஊர்கள் நிறைய இருக்கின்றன. நான் பெற்றோரிடம் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்: என்பிஏ இல்லாவிட்டாலும் இந்த வழி உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

பையன் 1 மீட்டர் 75தான். நம்ம வீட்ல யாருமே உயரம் இல்ல. அப்போ அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லை, ஆனால் கடினம். என்பிஏவில் ஆடுகிறவர்களின் சராசரி உயரம் இரண்டு மீட்டரை ஒட்டியது. அதே லீக்கில்தான் 1.60 மீட்டர் உயரமுள்ள மக்ஸி போக்ஸ் பதினான்கு பருவம் ஆடினார். 1.75 மீட்டர் உயரமுள்ள ஐசையா தாமஸை 2011 டிராஃப்ட்டில் கடைசி ஆளாக, 60ஆவது இடத்தில் எடுத்தார்கள். பின்னாளில் அவர் லீக்கின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்.

உயரம் குறைந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே இடம்தான்: பாயிண்ட் கார்டு. பந்தை மேலே கொண்டுபோய், ஆட்டத்தை நடத்துகிற ஆள். அதற்கு இரண்டு கையாலும் டிரிப்ளிங் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது), தூரத்து ஷூட்டிங், யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்காமலே தெரிகிற புத்தி, இந்த மூன்றும் வேண்டும். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் லே-அப்பை, அதாவது ரிங்குக்கு அருகே ஓடிவந்து போடும் பந்தை, வலது கையால் மட்டுமே போடுகிறார்கள். இடது பக்கமாக ஓடிவந்தும் கடைசி நொடியில் பந்தை வலது கைக்கு மாற்றுவார்கள். அங்கே நிற்கிற தடுப்பாளர் அதை அடித்துவிடுவார். பதினைந்து வயதில் இதைச் சரிசெய்யலாம். இருபதில் கஷ்டம்.

சவுத் ஆப்பிரிக்காவுல இருந்து யாராவது போயிருக்காங்களா?

ஜோகன்னஸ்பர்க்கில் 1974இல் பிறந்தவர் ஸ்டீவ் நாஷ். 2005, 2006 இரண்டு ஆண்டும் என்பிஏவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். ஆனால் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. அவர் ஆட்டம் அங்கே வளர்ந்தது. அவர் கதையில் நம் பிள்ளைகளுக்கு வேண்டியது வேறொன்று. அவருடைய பள்ளிக் கோச் அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். உதவித்தொகை தர முன்வந்தது சாண்டா கிளாரா ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு 1996இல் 15ஆவது இடத்தில் டிராஃப்ட் ஆனார். சுவிட்சர்லாந்தின் தாபோ செஃபோலோஷாவுக்கும் இங்கே வேர் உண்டு. அவர் அப்பா தென்னாப்பிரிக்கர்.

இன்னொரு வழியும் நம் நாடு வழியாகவே போகிறது. என்பிஏவும் உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவும் சேர்ந்து நடத்தும் ‘எல்லைகளற்ற கூடைப்பந்து’ முகாம் 2003இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்காவுக்கு வந்தது. கேமரூன் பையன் ஜோயல் எம்பீட் 2011இல் அந்த முகாமுக்கு வந்தார். பந்தைத் தொட்டே அப்போது அதிக காலம் ஆகவில்லை. 2014இல் டிராஃப்ட்டில் மூன்றாவது இடம், 2023இல் சிறந்த ஆட்டக்காரர் விருது. எம்பீட் வந்ததற்கு மறு ஆண்டு முகாமுக்கு வந்த பாஸ்கல் சியாகம் 2019இல் டொரொன்டோவோடு கோப்பை வென்றார். பணம் கட்டி இந்த முகாமில் சேர முடியாது. அழைப்பு வந்தால்தான் போகலாம். மாகாண அணியிலும் தேசிய இளையோர் அணியிலும் கண்ணில் பட்டால்தான் அழைப்பு வரும்.

எந்தக் கிரேட்ல இருந்து இதுக்கெல்லாம் ரெடியாகணும்? மெட்ரிக் முடிஞ்சதும் பார்த்துக்கலாமா?

முடியாது. இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கிரேட் 9இலிருந்து பார்க்கிறது. மெட்ரிக் (கிரேட் 12) மார்க் மட்டும் போதும் என்று நினைத்துக் கிரேட் 9, 10இல் சும்மா இருந்த பிள்ளைக்கு, எவ்வளவு நன்றாக ஆடினாலும், என்சிஏஏவின் மேல்மட்டப் பிரிவான முதல் டிவிஷனின் கதவு திறப்பது கஷ்டம்.

முதல் டிவிஷனுக்கு 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று ஆண்டு, அறிவியல் இரண்டு, சமூகவியல் இரண்டு, மீதி இவற்றிலிருந்தும் பிறமொழி போன்ற பாடங்களிலிருந்தும். இந்தப் பாடங்களில் அமெரிக்கக் கணக்குப்படி 4க்கு 2.3 சராசரி இருக்க வேண்டும். இரண்டாம் டிவிஷனுக்கு 2.2. முன்பு கேட்ட சாட், ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்ணை 2023 முதல் என்சிஏஏ கேட்பதில்லை. ஆனால் சில கல்லூரிகள் சேர்க்கைக்குத் தாமாகக் கேட்கலாம்.

பெரிய பள்ளம் கணிதத்தில் இருக்கிறது. கிரேட் 10இல் நம் பிள்ளைகள் கணிதமா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசியா என்று தேர்வு செய்கிறார்கள். விளையாட்டுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று மேத்ஸ் லிட்டரசியில் போடுகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். என்சிஏஏ கேட்பது அல்ஜீப்ராவும் அதற்கு மேலும். மேத்ஸ் லிட்டரசியில் அந்த ஆழம் கிடையாது. கிரேட் 9 முடிவில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வீட்டுக்கு வருமே, அதில் கையெழுத்துப் போடும் முன் இதை யோசியுங்கள். என்சிஏஏவின் தகுதி மையத்தில் இலவசமாகவே ஒரு பக்கம் தொடங்கலாம்; கல்லூரிகள் கவனிக்கத் தொடங்கியபின் கட்டணம் செலுத்தி முழுப் பதிவு செய்தால் போதும். கிரேட் 9 முதல் எல்லா ஆண்டு ரிப்போர்ட் கார்டையும் பத்திரமாக வைத்திருங்கள். பள்ளி முத்திரையோடு கேட்பார்கள்.

நமக்கு மெட்ரிக் டிசம்பர்ல முடியுது. அங்க காலேஜ் ஆகஸ்ட்ல ஆரம்பிக்குது. நடுவுல என்ன செய்றது?

நல்ல கேள்வி. மெட்ரிக் ரிசல்ட் ஜனவரியில்தான் வரும். அங்கே இலையுதிர்ப் பருவம் ஆகஸ்டில். நடுவில் ஏழெட்டு மாதம். இதை விசாவுக்கும், உடம்பைத் தேற்றவும், ஆங்கிலக் கட்டுரைத் திறனை வளர்க்கவும் பயன்படுத்துங்கள். உள்ளூர் கிளப்பில் ஆடிக்கொண்டே இருக்கலாம், ஆனால் செலவுக்கு மேல் சம்பளம் என்று எதையும் வாங்கக் கூடாது. சம்பளம் வாங்கியவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று பார்த்துத் தகுதியைக் கேள்வி கேட்பார்கள்.

பள்ளி முடித்து ஓராண்டுக்கு மேல் காலம் தாழ்த்தினால் கல்லூரியில் ஆடும் பருவங்களில் ஒன்று பறிபோகலாம். அதனால் ‘இரண்டு வருஷம் இங்கே ஆடிட்டு அப்புறம் பார்க்கலாம்’ என்கிற திட்டம் அமெரிக்கக் கல்லூரிக்கு ஒத்துவராது.

ஸ்காலர்ஷிப் கிடைச்சா எல்லாம் ஃப்ரீதானே?

கல்லூரியைப் பொறுத்தது. முதல் டிவிஷனில் 350க்கும் அதிகமான கல்லூரிகள் உண்டு. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்ந்த முழு உதவித்தொகை அங்கேதான் அதிகம். இரண்டாம் டிவிஷனில் பெரும்பாலும் பாதி, கால் என்று பிரித்துத் தருவார்கள். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஹார்வர்டு, யேல் இருக்கும் ஐவி லீக்கிலும் கிடையாது. அங்கே படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவிதான். இவை போக, ஜூனியர் காலேஜ் என்று இரண்டாண்டுக் கல்லூரிகள் இருக்கின்றன. மதிப்பெண் கொஞ்சம் குறைந்த பிள்ளை அங்கே போய்ப் படித்து, ஆடி, பெரிய கல்லூரிக்கு மாறுவது அங்கே வழக்கமான வழி.

முழு உதவித்தொகையே கிடைத்தாலும் விசாக் கட்டணம், விமான டிக்கெட், குளிர்கால உடை, விடுமுறையில் விடுதி மூடினால் தங்கும் செலவு என்று ரேண்டில் கணக்குப் பார்த்தால் கணிசமாக வரும். கல்லூரியிடம் ‘எதெல்லாம் உள்ளே, எதெல்லாம் வெளியே’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இங்கே யார் வந்து பார்க்கப் போறாங்க? வீடியோ அனுப்பினா போதுமா? எப்படி எடுக்கணும்?

வீடியோதான் முதல் கதவு. ஒழுங்காக எடுத்தால் போதும், விலை உயர்ந்த கேமரா வேண்டாம். நம் பள்ளிக் கோர்ட்டுகளில் பாதிக்கு மேல் திறந்தவெளி, தார் போட்டது, நெட்பால் கோடும் அதிலேயே. ஒரு சனிக்கிழமை ஓர் அப்பா ரிங்குக்குக் கீழே நின்று போனை மகன் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டிருந்தார். பந்து போன இடமும் தெரியவில்லை, தடுத்தவனும் தெரியவில்லை, பையனின் தோளும் வானமும்தான் தெரிந்தன. அடுத்த ஆட்டத்தில் அவரைப் படிக்கட்டின் மேல்வரிசைக்கு, கோர்ட்டின் நடுக்கோட்டுக்கு நேராக ஏற்றி, போனைக் கிடைமட்டமாகக் கம்பியில் கட்டி வைக்கச் சொன்னேன். பத்துப் பேரும் தெரிந்தார்கள். மகன் பந்து இல்லாமல் என்ன செய்கிறான் என்பதும் தெரிந்தது. கோச் பார்ப்பது அதைத்தான்.

தொகுப்பு மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சிறந்த காட்சிகள் முதலிலேயே வரட்டும். ஜெர்சி எண், உயரம், பிறந்த தேதி, மெட்ரிக் ஆண்டு, மதிப்பெண் எல்லாம் தொடக்கத்தில் எழுதுங்கள். பாட்டுப் போடாதீர்கள். தடுப்பாட்டம், ரீபவுண்ட் (ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது), தரையில் விழுந்த பந்துக்குப் பாய்வது இவையும் இருக்க வேண்டும். கூடவே வெட்டாத முழு ஆட்டம் ஒன்றையும் அனுப்புங்கள். எதிரணி பலமானதாக இருக்கட்டும். சின்ன அணிக்கு எதிராக 40 புள்ளி எடுத்த வீடியோ ஒன்றும் சொல்லாது.

என் பொண்ணு நெட்பால் ஆடுறா. இப்ப பாஸ்கெட்பால் மாறணும்னு சொல்றா. லேட்டாயிடுச்சா?

லேட் இல்லை. உண்மையில் அவளுக்குப் பாதி வேலை முடிந்திருக்கிறது. நெட்பாலிலும் ரிங் 3.05 மீட்டர் உயரம்தான், கூடைப்பந்திலும் அதே உயரம். நெட்பாலில் பின்னால் போர்டு கிடையாது, அதனால் பந்தை உயர வளைத்துப் போடப் பழகியிருப்பாள். பந்தோடு ஓட முடியாது, ஊன்றிய காலை வைத்துத் திரும்ப வேண்டும், மூன்று நொடிக்குள் பாஸ் கொடுக்க வேண்டும். இப்படி வளர்ந்த பிள்ளையின் கால்வேலையும் பாஸும் மிக அழகாக இருக்கும். கற்க வேண்டியது டிரிப்ளிங், போர்டில் அடித்துப் போடுவது, உடம்போடு உடம்பு மோதும் தடுப்பாட்டம்.

பெண்களுக்கான தொழில்முறை லீக் டபிள்யூஎன்பிஏ. அங்கே விதி வேறு: அமெரிக்கக் கல்லூரியில் ஆடாத வெளிநாட்டுப் பெண் 20 வயதிலேயே டிராஃப்ட்டுக்கு வரலாம், கல்லூரி வழியாகப் போனால் 22 வயதாக வேண்டும் அல்லது படிப்பை முடிக்க வேண்டும். கல்லூரிக்கான மதிப்பெண் விதிகள் மேலே சொன்னவையேதான். ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள்: முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் (ஏசிஎல்) கிழிவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் இறங்கக் கற்றுக்கொடுத்தால் இந்த ஆபத்து நன்றாகவே குறையும். முதல் வாரத்திலிருந்தே அதைப் பயிற்சியில் சேருங்கள்.

புரட்டாசி மாசம் வீட்ல மாமிசம் கிடையாது. பயிற்சி செய்ற பிள்ளைக்குச் சத்து போதுமா?

போதும், திட்டமிட்டால். டால், பீன்ஸ் கறி, கடலை, பனீர், தயிர், பால், உங்கள் வீட்டில் சாப்பிட்டால் முட்டை, இவற்றில் தேவையான புரதம் கிடைத்துவிடும். பிள்ளைகள் செய்யும் தவறு என்னவென்றால் கறி இல்லாத நாளில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் மட்டும் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வேளையிலும் ஒரு பருப்போ பீன்ஸோ இருக்கட்டும். முழு நாள் பட்டினி விரதம் என்றால் அன்று கடும் பயிற்சி வேண்டாம்; ஷூட்டிங் மட்டும் போதும். கோச்சிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

செப்டம்பரில் மெட்ரிக் டிரையல் தேர்வும் வந்துவிடும். விரதம், தேர்வு, பயிற்சி மூன்றும் ஒரே நேரத்தில் நெருக்கும் மாதம் அது. அந்த மாதம் பயிற்சியைப் பாதியாகக் குறைக்கும்படி நான் எல்லா மெட்ரிக் பிள்ளைகளிடமும் சொல்கிறேன்.

ஒருத்தர் போன் பண்ணி, அமெரிக்கப் பள்ளியில சேர்த்துவிடறேன், என்பிஏ ஸ்கவுட் வருவாங்கன்னு பெரிய தொகை கேட்கிறார். நம்பலாமா?

பணத்தைக் கையில் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். அந்தப் பள்ளிக்கு எஃப்-1 மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் கொடுக்கும் அனுமதி இருக்கிறதா? அதன் பாடங்களை என்சிஏஏ ஏற்கிறதா? அங்கே படித்த பிள்ளைகள் இப்போது எந்தக் கல்லூரியில் இருக்கிறார்கள், அவர்கள் பெற்றோரிடம் நீங்கள் பேச முடியுமா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

அமெரிக்க அரசுப் பள்ளியில் எஃப்-1 விசாவில் ஓராண்டுக்கு மேல் படிக்க முடியாது, அதற்கும் முழுச் செலவையும் குடும்பமே கட்ட வேண்டும். ‘அரசுப் பள்ளி, இலவசம், நான்கு வருஷம்’ என்று யாராவது சொன்னால் அது பொய். அதேபோல, பதினாறு வயதுப் பிள்ளையிடம் ஏஜென்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வருகிறவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஒரு கையெழுத்தில் கல்லூரித் தகுதி முழுவதும் போய்விடலாம். பிறந்த தேதியை மாற்றலாம் என்று யோசனை சொல்கிறவரிடமும் அப்படியே.

அமெரிக்கா போகாமலே புரோ ஆக முடியாதா?

முடியும். தென்னாப்பிரிக்காவில் பாஸ்கெட்பால் நேஷனல் லீக் 2013இல் தொடங்கியது. நம் மாகாணத்துக்கு குவாஸூலு மார்லின்ஸ் இருக்கிறது. பருவம் குறுகியது, அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதற்கு மேலே ஆப்பிரிக்கா முழுவதற்குமான பாஸ்கெட்பால் ஆப்பிரிக்கா லீக். என்பிஏவும் ஃபீபாவும் நடத்துவது, 12 அணிகள், முதல் பருவம் 2021இல் கிகாலியில். நம் கேப் டவுன் டைகர்ஸ் அதில் ஆடியிருக்கிறது. 2025 இறுதி ஆட்டங்கள் பிரிட்டோரியாவிலேயே நடந்தன. லிபியாவின் அல் அஹ்லி திரிப்போலி கோப்பையை எடுத்தது. எகிப்து, துனிசியா, அங்கோலா, ருவாண்டா கிளப்புகள் சம்பளம் கொடுத்து வெளியாட்களை எடுக்கின்றன.

செனகலில் என்பிஏ அகாடமி இருக்கிறது. அங்கே எடுக்கப்படும் பிள்ளைக்குப் படிப்பும் பயிற்சியும் அவர்கள் பொறுப்பு. அந்தப் பிள்ளைகளை ஆப்பிரிக்கா லீக் அணிகளில் சேர்த்து ஆடவும் விடுகிறார்கள். ஹால் கிடைக்காத ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்வேன்: மூவர் ஆட்டம். அரைக் கோர்ட், பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. டோக்கியோவிலிருந்து அது ஒலிம்பிக்கிலும் இருக்கிறது.

காலேஜ்லயே இப்போ காசு தர்றாங்களாமே? நம்ம பிள்ளையும் வாங்கலாமா?

இங்கேதான் நம் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும். 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்று நீதிமன்ற உடன்படிக்கை வந்துவிட்டது. இதெல்லாம் விளையாட்டு விதி. விசா விதி வேறு. எஃப்-1 விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். வெளியே விளம்பரத்துக்கு நடித்துக் காசு வாங்குவது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். விசா போனால் படிப்பும் போகும், ஆட்டமும் போகும். கூட ஆடுகிற அமெரிக்கப் பையன் வாங்குகிறானே என்று பார்த்து எதிலும் கையெழுத்துப் போடாமல், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

டிராஃப்ட்டுக்குப் பேர் கொடுத்துட்டு, சரிவராதுன்னு தெரிஞ்சா காலேஜுக்குத் திரும்பலாமா?

கெடு தேதிக்குள் விலகினால் திரும்பலாம். மே மாதத்தில் சிகாகோவில் டிராஃப்ட் கம்பைன் என்ற சோதனை நடக்கும். உயரம், கை நீளம், பாய்ச்சல் எல்லாம் அளந்து, ஆடவும் வைத்து, அணிகள் நேர்காணல் செய்யும். அதற்கு அழைப்பு வந்ததா, எந்தச் சுற்றில் எடுப்பார்கள் என்று என்ன சொல்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். இந்தக் கட்டத்தில் ஏஜென்ட் உதவி வேண்டுமானால் என்சிஏஏ சான்று பெற்றவராக மட்டும் இருக்க வேண்டும், திரும்பும்போது அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்று உறுதி என்ற பேச்சே இல்லாத பிள்ளை இன்னும் ஓராண்டு படிப்பதுதான் நல்லது என்பேன். காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

டிராஃப்ட்ல எடுக்கலைன்னா?

கதை அங்கே முடியாது. ஃபிரெட் வான்வ்ளீட்டை 2016இல் யாருமே எடுக்கவில்லை. மூன்று ஆண்டில் டொரொன்டோ கோப்பை வென்றபோது அவர் அந்த அணியில் முக்கியமான ஆள். தைவான் வம்சாவளியில் வந்த ஜெரமி லின் ஹார்வர்டில் படித்து 2010இல் யாரும் எடுக்காமல் போனவர். 2012இல் நியூயார்க்கில் அவர் ஆடிய சில வாரங்களை உலகமே பார்த்தது. ஆசிய முகம் என்பதால் கவனிக்கப்படாமல் போனதைப் பற்றி அவரே பலமுறை பேசியிருக்கிறார். இந்திய வம்சாவளியில் என்பிஏவில் முதலில் ஆடியவர் கனடாவின் சிம் புல்லர், 2015இல். அவரும் டிராஃப்ட்டில் எடுக்கப்படாதவர்தான்.

நடைமுறையில் வழி இப்படிப் போகும்: ஜூலையில் லாஸ் வேகஸ் சம்மர் லீக், அங்கே பிடித்திருந்தால் பயிற்சி முகாமுக்கு அழைப்பு, பிறகு என்பிஏவுக்குக் கீழே உள்ள ஜி லீக். ஓர் அணிக்கு மூன்று பேர்வரை இருவழி ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜி லீக்கில் ஆடிக்கொண்டே தேவைப்படும்போது மேலே போகலாம். இல்லையென்றால் ஐரோப்பா, துருக்கி, ஆஸ்திரேலியா, ஜப்பான். அங்கெல்லாம் மாதச் சம்பளம், வீடு, சில இடங்களில் காரும் உண்டு. தாமதமாகச் சம்பளம் தரும் கிளப்புகளும் உண்டு, ஒப்பந்தத்தைப் படிக்காமல் விமானம் ஏறக் கூடாது.

முழங்கால் வலிக்குதுன்னு சொல்றான். கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்லட்டுமா?

சொல்லாதீர்கள். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி வலிப்பது குதிக்கிற பிள்ளைகளுக்குச் சகஜம். ஓய்வும் தொடைத் தசைப் பயிற்சியும் கொடுத்தால் அடங்கிவிடும். பொறுத்துக்கொண்டு ஆடினால் மாதக்கணக்கில் இழுக்கும். நம் கோர்ட்டுகள் தாரும் சிமென்ட்டும் என்பதால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் புல்வெளியில் ஓடவிடுங்கள். கால் வீங்கினாலோ, முழங்கால் நழுவுவதுபோல் இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அவ்வா கேட்கிறாங்க: அவ்வளவு தூரம் எதுக்கு அனுப்பணும்? இங்கேயே படிச்சு ஆடினா ஆகாதா?

அவ்வாவிடம் சொல்லுங்கள், ஆகும். குவாஸூலு-நாட்டால் பல்கலைக்கழகத்திலும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அணிகள் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கிடையே தேசியப் போட்டியும் நடக்கிறது. அங்கே நன்றாக ஆடுகிற பிள்ளையைத்தான் நேஷனல் லீக் அணிகள் பார்க்கின்றன. வீட்டுச் சாப்பாடு, தெரிந்த ஊர், ரேண்டில் கட்டணம். தூரம் போக மனமில்லாத பிள்ளையைத் தள்ளி அனுப்பினால் முதல் குளிர்காலத்திலேயே திரும்பி வந்துவிடுவான். விளையாட்டு அறிவியலோ, பயிற்சி மூலம் உடம்பைத் தேற்றும் படிப்பான பயோகைனடிக்ஸோ படித்தால் ஆட்டம் நின்ற பிறகும் கோர்ட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. நடுவராக விரும்பினால் அதற்கும் ஃபீபா உரிமம்வரை படிப்படியாக வழி உண்டு, அதற்கு உயரம் யாரும் கேட்பதில்லை.

முடிவைப் பிள்ளையோடு உட்கார்ந்து எடுங்கள், கிரேட் 9இல் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே. அமெரிக்கா வேண்டாம் என்று பிறகு மாற்றிக்கொண்டாலும், கணிதம் எடுத்த பிள்ளைக்கு இங்கேயும் அதிகப் படிப்புகள் திறந்திருக்கும்.